கடைசி நான்கு பைட்

அலுவலகத்தில் அவனுக்குச் ‘சிக்கனம்’ என்றே பெயர். ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது ஒப்பந்தத்தைத் தானே நிறைவேற்றும் கணினி நிரல், எழுதுவது தொழில். அதில் ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும், எழுதி வைக்கும் ஒவ்வொரு பைட்டுக்கும் கட்டணம் உண்டு. பிறர் பத்து வரியில் செய்வதை இரண்டு வரியில் செய்யும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. “இவன் மூச்சக்கூட ஒண்ணு விட்டு ஒண்ணுதான் விடுவான்” என்பார் பக்கத்து மேசைக்காரர்.

அவனுடைய அக்காள் பதினோர் ஆண்டாய் ஒழுகும் ஒற்றை அறையில் வாளி வைத்துக்கொண்டு, வீட்டுச் சங்கத்தின் வரிசையில் காத்திருந்தாள். வரிசையில் கையூட்டு நுழையலாகாது என்று அதைக் கான்ட்ராக்டாக எழுதித் தந்தவன் அவனே. வலையில் ஏற்றியபின் எவராலும் திருத்த முடியாது, அதன் தீர்ப்பே முடிவு என்று உறுப்பினர் அனைவரிடமும் கையொப்பம் வாங்கியவனும் அவனே.

உறுப்பினரை அடையாளம் காட்டுவது முகவரி எனும் நீண்ட எண்; எவரும் கணினியில் பிறப்பித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் இருபது பைட். முழுவதையும் ஒப்பிடுவானேன் என்று கடைசி நான்கை மட்டும் நறுக்கி, எட்டுப் பேரை ஓர் ஆளுக்கான சேமிப்புக் கட்டத்தில் அடைத்தான். கட்டணம் எட்டில் ஒன்றாயிற்று. அன்று அவன் கால் தரையில் பாவவில்லை.

முறை வந்த காலையில் அக்காள் வீட்டைக் கோரும் பொத்தானை அழுத்தினாள். ‘வீடு வழங்கப்பட்டுவிட்டது’ என்றது திரை. எவனோ ஒருவன் கோடி கோடியாய் முகவரிகளைப் பிறப்பித்து, அவளுடையதைப் போலவே முடிவதொன்றைக் கண்டெடுத்து முந்திக்கொண்டான். அடியை மட்டும் நோக்கி முடியை நோக்காத கான்ட்ராக்டுக்கு இருவரும் ஒருவரே.

சில நாள் அலையவிட்டுச் சங்கச் செயலாளர் கைவிரித்தார். “தம்பி, யார் சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினது நீங்கதானே? அந்த ஆள் அப்பவே வித்துட்டான். வாங்கினவங்க கைக்குழந்தையோட குடி வந்தாச்சு.”

“அழிச்சு எழுதேன்டா” என்றாள் அக்காள், தன் அறைக்கு வந்தவனிடம்.

“முடியாதுக்கா. யாராலயும் முடியாதபடிதான் கட்டினேன்.”

“முழுசா ஒப்பிட்டிருந்தா எவ்வளவு கூட ஆயிருக்கும்?”

“ஆளுக்கு ஒரு டீ காசு.”

அக்காள் சிரித்தாள்; அழுகையினும் கொடிய சிரிப்பு. “கடுகு போன இடத்தைத் தேடிக்கிட்டு, பூசணிக்கா போன இடத்தைக் கோட்டை விட்டுட்டியேடா!”

வாளி நிரம்பியிருந்தது. வெளியே கொட்டிவிட்டு வந்து, அதே இடத்தில் வைத்தாள்.

“போகட்டும். வரிசைக் கடைசியில மறுபடி சேத்துவிடு. இன்னொரு பதினோரு வருஷம் இருந்துட்டுப் போறேன்.”

வீடு பெற்றவர் மீண்டும் வரிசையில் சேர இயலாது. அந்த விதியும் அவன் எழுதியதே. கான்ட்ராக்டின் கணக்கில் அவள் வீடு பெற்றவள். அவன் வாளியில் விழும் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.