பின்சுவர் வழியாகப் போனவள்

மார்க்கையன்கோட்டையில் நாங்கள் இருந்த வீட்டின் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஒட்டு இருக்கிறது. சுவர் கல்லும் சுண்ணாம்பும். ஒட்டு மட்டும் வெறும் மண். அந்த வீட்டைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான். மலையாளத்துத் தேக்கில் செய்த நிலைக்கதவாம். என் வாயில் நல்லா வருகிறது.

அந்த நிலைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசியவள் என் ஆத்தா. பெரியய்யா குடும்பம் முன்பாதியில் இருந்தது, நாங்கள் பின்பாதியில். ஆனால் வாசல் தெளிப்பதும் கோலம் போடுவதும் இளைய மருமகள் தலையில்தான் விடிந்தது.

எனக்குப் பத்து வயதில் ஆத்தா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பெரியய்யா பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்து அவிட்டம் என்றார். அவிட்டத்தில் செத்தவர்களை வாசல் வழியாகக் கொண்டுபோனால் குடும்பத்துக்கு ஆகாது. சுவரை இடித்து அந்த வழியாக வெளியேற்றி, செத்த இடத்தை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியய்யா கடப்பாரையை எடுக்கச் சொன்னார். அவர் தம்பி, அதாவது எங்கள் அய்யா, வாய் திறக்காமல் இடித்தார். ஆத்தாவை அந்த ஓட்டை வழியாகத் தொழுவத்துச் சாணியில் இறக்கினார்கள்.

ஆறு மாதம் நாங்களும் தொழுவத்தில் கிடந்தோம். திரும்ப வந்து கதவைத் திறந்தால், எங்கள் பாதி முழுக்கப் பெரியய்யாவின் நெல்மூட்டைகள். தொழுவம்தான் காற்றோட்டமாக இருக்கிறதே என்றார். அய்யா அதற்கும் தலையாட்டினார். நான் கல்யாணமாகிக் குச்சனூருக்குப் போனது அந்தத் தொழுவத்திலிருந்துதான்.

யுத்தக் காலத்தில், அரிசி கிடைக்காமல் ஊரே அல்லாடியபோது, பெரியய்யா செத்தார். போயிருந்தேன். அன்றும் அவிட்டம், பஞ்சாங்கம் பார்த்த பூசாரியே சொன்னார். பெரியய்யாவின் மூத்த மகனோ, பெரிய மனுசரைப் பொந்து வழியாக இழுத்தால் ஊர் காறித் துப்பும், பரிகாரம் செய்துகொள்ளலாம் என்று முடித்துவிட்டான். ஒருத்தரும் மறுக்கவில்லை. அடப்பாவிகளா, பரிகாரம் என்று ஒன்று இருப்பது என் ஆத்தா செத்த அன்று உங்களில் யாருக்குமே தெரியாதா?

கூடத்திலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் போய் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"எங்க ஆத்தா போன வழி பின்னாடி இருக்கு. இவுகளையும் அங்கனயே கொண்டு போங்க."

தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மூத்த மகன்கூடக் கீழே பார்த்தான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தலைமாட்டைப் பிடித்திருந்தவர் எங்கள் அய்யா. அன்று கடப்பாரை பிடித்த அதே கைகள்.

"ஒதுங்கு தாயி," என்றார். "அண்ணன் வாசல் வழியாப் போகட்டும்."

நான் ஒதுங்கவில்லை. என்னை இடித்துக்கொண்டுதான் போனார்கள்.