வரப்பில் கேட்ட கேள்வி

எண்பதுகளின் பின்பாதியில், என் முப்பதாவது வயதில், நிரந்தரமாக என்னிடம் இருந்தது கல்யாண மோதிரம் ஒன்றுதான். பார்த்த வேலையெல்லாம் தற்காலிகம். அப்படி வந்த ஒன்று, ஆய்வுக் குழு ஒன்றுக்காகக் கருத்துக் கேட்கும் வேலை. மணமான பெண்கள் இருபது பேரிடம் கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் படிவங்களைக் கொடுத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மறுபடி மாமனார் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கேள்வி இதுதான்: குழந்தையில்லாத தம்பதிக்காக வேறொரு பெண் அவர்கள் கருவைச் சுமந்து பெற்றுக் கொடுக்கலாமா? வாடகைத்தாய் என்று இன்று டீக்கடையிலேயே பேசுகிறோம். அன்று கண்ணாடி முன் நின்று என்னிடம் நானே கேட்டுப் பார்த்ததற்கே எனக்கு வியர்த்துவிட்டது. பதிலுக்கு மூன்று கட்டங்கள்: ஏற்கிறேன், ஏற்கவில்லை, கருத்து இல்லை. கூடவே ஒரு விதி: பதில் சொல்லும் பெண் தனியாக இருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவர் எந்த வீட்டுப் படியும் ஏறியிருக்க மாட்டார்.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில், கோவில்பத்தில் முதல் வீடு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. "வீட்டுல அம்மாகிட்ட ஒரு கேள்வி கேக்கணுங்க" என்றேன்.

"எங்கிட்டயே கேளுங்க."

ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்தவ பிரெஞ்சு குடிமகள், வளக்குறவ இந்தியான்னா, பிறப்புப் பதிவுல அம்மான்னு யாரை எழுதுவாங்க? புள்ளைக்கு எந்த ஊரு பாஸ்போர்ட்டு?"

அதற்குக் கட்டம் இல்லை. "கருத்து இல்லைன்னு போட்டுக்கவா?" என்று கேட்டதுதான் தப்பு. தமக்குக் கருத்து உண்டு என்பதை ஒன்றரை மணி நேரம் நிரூபித்தார். அந்த அம்மாவின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் நெடுங்காடு. ஃபைலோடு வந்தவன் எத்தனை குழந்தைகள் என்று ஆரம்பித்தால் ஜனங்களுக்குப் புரிவது ஒன்றே ஒன்று: குடும்பக் கட்டுப்பாடு. "எனக்கு ஆபரேஷன் போன வருஷமே ஆயிடுச்சுங்க" என்று ஓர் அம்மா சான்றிதழையே எடுத்து வந்து காட்டினார். அடுத்த வீட்டு வாசலில் வாயைத் திறக்கும்போது உள்ளே ஏதோ உறுமியது. நாயாக இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. ஓடினேன். வாய்க்காலில் இறங்கினேன். காவிரித் தண்ணீர் இடுப்பளவு. படிவங்களை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அக்கரை ஏறினால், வயலில் இருபது, இருபத்தைந்து பெண்கள் சம்பா நடவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு தம்பி தொரத்துனது?" என்றார் நடவாட்களுக்குத் தலைவியாக இருந்த அம்மா.

"யாரும் இல்லீங்க."

"அப்ப எதுக்கு ஓடுனீங்க?"

சொட்டச் சொட்ட நின்றவனுக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. கேள்வியைப் படித்தேன்.

"இதுக்கா இந்த ஓட்டம்? இந்த வயலுக்கே நாத்தங்கால் அடுத்தவங்க நெலத்துலதான் விட்டுது. நாத்து எங்களுதுன்னு அவங்க சண்டைக்கா வந்தாங்க?"

"நெலத்துக்கு வலிக்காது அக்கா" என்றது வரிசையின் கோடியில் ஒரு குரல். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

தனியாகக் கேட்க வேண்டும் என்ற விதியைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நாற்றுகளைச் சிறு கட்டுகளாக, முடிகளாகக் கட்டி ஆண்கள் வயலுக்குள் வீசிப் போடுவதுதான் வழக்கம். தலைவியம்மா, "முடியெல்லாம் வரப்புலயே கெடக்கட்டும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கை காலியானவ ஒவ்வொருத்தியா வருவா. கேளுங்க, முடிய எடுத்துக் குடுங்க."

ஊரே பார்க்க, ஒருவர் காதிலும் விழாமல், அப்படியே நடந்தது. "தங்கச்சிக்குன்னா சுமப்பேன்." "மொகம் தெரியாதவங்களுக்குன்னா முடியாது." "நாத்தனாருக்கா? வேற கேள்வி கேளுங்க." எதுவும் கட்டத்தில் அடங்கவில்லை. ஓரத்தில் எழுதினேன். உச்சிவேளைக்குள் இருபதும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து வந்த மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே தேதி, எல்லாவற்றிலும் சேறு, கட்டங்கள் எல்லாம் காலி. "மரத்தடியில உக்காந்து நீங்களே எழுதுனீங்களா?" என்றவர் விசாரிக்கக் கிளம்பிவிட்டார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"இவரு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா கேட்டாராம்மா?" என்று வரப்பில் நின்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"தனியாத்தாங்க, இத்தன பேரு பாக்க" என்றார் தலைவியம்மா.

மேற்பார்வையாளர் மூன்று படிவங்களை உருவி, மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். எழுதியிருந்தது அப்படியே வந்தது. நாத்தனார் விஷயத்தில் மட்டும் இந்த முறை கூடுதல் விவரம் கிடைத்தது.

"நீங்க சொல்லுங்க சார்" என்றார் தலைவியம்மா. "ஒங்க வீட்டு அம்மாகிட்ட வந்து கேட்டா?"

அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அது... யாருக்குங்கறதப் பொறுத்து."

நடவு இரண்டாம் முறையாக நின்றது.

சிரிப்பு ஓய்வதற்குள் அவர் என் பேனாவை வாங்கி, படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தார். 'யாருக்கு என்பதைப் பொறுத்தது.' அது அப்படியே அச்சாகி வந்தது. எனக்கு வேலை நிலைத்தது. மற்ற ஊர்களில் கருத்துக் கேட்கப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. பாண்டிச்சேரியில் ஒரு டஜன் பட்டதாரிகள் முன்னால் நின்று, "ஊருக்குள்ள போனதும் முதல்ல நடவு எங்க நடக்குதுன்னு விசாரிங்க" என்றேன். எல்லோரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள்.