மனிதன் தின்னாத பிண்ணாக்கு

லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம். பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பால் ஊற்றிய அக்காளின் பசு தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. அவள் பிழைப்பே அந்த ஒற்றைப் பசுதான். கடைக்காரர் எள்ளுப் பிண்ணாக்கில், வயலுக்கு உரமாகப் போடுகிற ஆமணக்குப் பிண்ணாக்கைக் கலந்து விற்றிருந்தார். அது மாட்டுக்கு விஷம். மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அக்காள் என்னிடம் வந்தாள். நான் பள்ளிக்கூட வாத்தியார். அச்சில் இருப்பதெல்லாம் நடக்கும் என்று நம்பிய பிராயம்.

முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டரைக் கடைக்கே கூட்டிப் போனோம். அவர் மோந்து பார்த்தார்.

"கலப்படந்தான் வே. ஆனா சட்டம் மனுஷன் திங்குத பண்டத்துக்குத்தான். இது மாட்டுத் தீனி. கேஸு இல்லாம மாட்டு வைத்தியரை அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது."

"எள்ளுப் பிண்ணாக்கைக் கருப்பட்டியோட தின்னு வளந்தவன் நான்."

"நான் கண்டேனா? கண்டாத்தானே எழுத முடியும்."

காணச் செய்தேன். ஒரு துண்டை உடைத்து, அவர் எதிரிலேயே மென்று விழுங்கினேன். ஆலகாலம் உண்டவருக்குக் கழுத்தைப் பிடிக்க ஒரு அம்மை இருந்தாள். எனக்கு யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"இதை இவருக்கா வித்தீரு, அண்ணாச்சி?"

"மாட்டுக்குன்னு கேட்டாவ, மாட்டுக்குன்னு கொடுத்தேன். வாத்தியாரய்யா நாளைக்குப் புல்லைத் தின்னா, புல்லுக்கட்டுக்காரி மேலயா கேஸு போடுவீக?"

பென்சில் காதுக்குத் திரும்பிற்று.

பிற்பகலிலிருந்து என் வயிறு என்னை ஆட்டிவைத்தது. ஆஸ்பத்திரியில் உடனே மருந்து கொடுத்தார்கள். தின்றவன் மனிதன் அல்லவா. "ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குதானே அய்யா" என்று அக்காள் அதில் பாதியைக் கேட்டு வாங்கிப் போனாள். மூங்கில் குழாயில் விட்டு ஊற்றப் பார்த்தாளாம். பசு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் செத்தது.

இன்ஸ்பெக்டர் தாமாகவே வந்துவிட்டார். தெருவில் மாட்டுப் பிணம் கிடக்கக் கூடாது என்பதற்குச் சட்டம் இருந்தது.

"பொழுது சாயுததுக்குள்ள அப்புறப்படுத்திரணும், தாயி" என்றார், தன்மையாகத்தான்.

அக்காள் என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடை இன்னமும் தொறந்திருக்கா, அய்யா?"

திறந்துதான் இருந்தது. நான் வருகிற வழியில் அண்ணாச்சி எழுந்து நின்று என் வயிற்றைப் பற்றி விசாரித்திருந்தார். யாரோ ஒருவர் பிண்ணாக்கு நிறுக்கச் சொல்லிக் காத்திருந்ததால் அதிக நேரம் பேச முடியவில்லை.