வடக்கே வானம் சிவந்தது

போன செவ்வாய்க்கிழமை, இருட்டத் தொடங்கிய நேரம். ஏற்காட்டு மலையில், தலைச்சோலை கிராமத்தில் என் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"ரைட்டரே, வெளிய வாங்க! நீங்க பேப்பர்ல எழுதுனது வந்திருச்சுங்க!"

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. ஊரில் எனக்கு அதுதான் பெயர். கூப்பிட்டவர் பக்கத்து வீட்டுச் சின்னப்பன். வடக்கே கையைக் காட்டினார். மலைச் சரிவுக்கு மேலே வானம் சிவந்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

முந்தின வாரம் பேப்பரில் இதே பத்தியில் வடதுருவ ஒளியைப் பற்றி எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சூரியனிலிருந்து மின்துகள்கள் சீறி வருகின்றன. பூமி ஒரு பெரிய காந்தம் - அவற்றைத் துருவங்கள் பக்கம் இழுத்துவிடுகிறது. உயரத்தில் காற்றோடு அவை மோதும்போது, ட்யூப்லைட் மாதிரி வானம் ஒளிர்கிறது. பச்சை, சிவப்பு... சூரியனில் புயல் பலமாக அடித்தால், வெகு தெற்கே இருப்பவர்களுக்கும் வடக்கு அடிவானம் சிவப்பாகத் தெரியும்.

இவ்வளவும் எழுதியவன், அது நம் ஏற்காடு வரை எட்டாது என்று ஒரு வரி சேர்த்தேனா? இல்லை. சேர்த்தால் சுவாரஸ்யம் குறைந்துவிடுமாம்!

எங்கள் பக்கம் மலையில் நெருப்பு தெரிந்தால், யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. வீட்டுக்கு ஒருவர் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு, அடித்து அணைக்க ஓடுவார். அன்று ஒருவரும் ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அச்சில் வந்ததென்றால், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம்கூட மறந்துபோகிறது.

அது வடதுருவ ஒளி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தில் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவன். வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"அண்ணே... அது தீங்க..."

"என்னங்க?"

"தீ! காட்டுத்தீ!"

சின்னப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஐயோ... ராமாயி மாட்ட ஓட்டியார அங்கதானுங்க போயிருக்கா..."

ராமாயி அவர் மனைவி. அந்தச் சரிவில்தான் அவர்களுடைய காப்பித் தோட்டம்.

தழையை ஒடித்துக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் ஒரே கேள்வி என்னைக் குடைந்தது - எத்தனை நிமிஷம் நின்று ரசித்தார்கள்? பத்தா? பதினைந்தா? அதற்குள் அந்த அம்மா என்ன ஆனாரோ?

பாதித் தோட்டம் போய்விட்டிருந்தது. புகைக்குள்ளிருந்து முதலில் மாடு வந்தது. பின்னாலேயே கயிற்றைப் பிடித்தபடி ராமாயி. முழங்கை வரை கொப்புளம். இன்னொரு கையில் கருகிய தழை. ஒற்றை ஆளாகத் தீயை அடித்து அணைத்திருக்கிறார்!

"எத்தன கூப்பாடு போட்டேன்... எல்லாரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

சின்னப்பன் தலையைச் சொறிந்தார். "வானத்துல வெளிச்சம்னு நெனச்சோம் புள்ள... ரைட்டரு எழுதியிருந்தாரே..."

ராமாயி என் பக்கம் திரும்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இருமிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரே, அந்த வெளிச்சத்துல பொகை வாசம் அடிக்கும்னும் எழுதியிருந்தீங்களா?"