துடுப்பிலேயே நின்ற கைகள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவன் வேலைக்கு வந்ததே, வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்ட கதைதான். துறைத்தலைவரின் மச்சினன். ஏழு வருஷம் கோழிக்குஞ்சு பொரிக்கும் இடத்தில் இருந்தவன். முட்டை விஷயம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று திமிர். ‘மச்சினர்’ என்று கூப்பிடுவோம். மரியாதை என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

அங்கே ஒரு மாணவி நான்கு வருஷமாக ஓணான் கருவில் கைகால் முளைப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கருவை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித் தருவது என் வேலை. முதலில் மொட்டு, பிறகு துடுப்பு மாதிரி ஒரு தட்டை, அப்புறம் அதன் இடையிடையே சதை தானாகச் செத்து மறைய, மிஞ்சுவதுதான் விரல். விரல் பிரிகிற அந்தக் கட்டம் மட்டும் அவளுக்குப் பாக்கி. கையிலிருந்தவை பருவத்தின் கடைசி நாற்பது முட்டைகள். அவை பிழைத்தால்தான் அவளுக்குப் பட்டம்.

ஓணான் முட்டையைக் கிடந்தபடியே வைக்க வேண்டும். புரட்டினால் கரு செத்துவிடும். அதற்காகவே ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். முட்டைகள் இருந்த சூட்டுப்பெட்டியைப் பார்த்துக்கொள்வது மச்சினர்.

மூன்றாம் வாரம் ஒரு முட்டையைப் பிரித்தாள். செத்திருந்தது. நாற்பதும் அப்படியே. எல்லாக் கையும் துடுப்போடு சரி.

“அண்ணே, பெட்டியில கை வெச்சீங்களா?”

“பின்ன? கோழி முட்டைக்குச் செய்யிற மாதிரி தினம் ரெண்டு தடவ புரட்டி விட்டேன். புள்ளி அடியில போனா அழிச்சிட்டு மேல வேற வெச்சேன். பாக்க நீட்டா இருக்கணும்ல?”

அடப்பாவி! அவன் கன்னத்தில் ஒன்று வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

துறைத்தலைவர் வந்தார். மச்சினனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“செத்துப்போச்சுன்னு ஏன்மா சொல்ற? இந்த இனத்துல விரல் தாமதமாத்தான் பிரியுதுன்னு எழுதிடு. புதுக் கண்டுபிடிப்பு!”

“பொய்யில என் பேர் வேணாம் சார்.”

“அப்ப பட்டமும் வேணாமா?”

அவள் பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். திரும்பி வரவேயில்லை.

அந்தப் ‘புதுக் கண்டுபிடிப்பு’ கட்டுரையாக அச்சில் வந்தது. முதலில் துறைத்தலைவர் பெயர், அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் மச்சினர் பெயர். இப்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முட்டையைப் பற்றி அவனிடம்தான் போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள். அந்த மூஞ்சியும் பதில் சொல்கிறது. கட்டுரையில் மூன்றாவதாக இருப்பது என் பெயர். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். த்தூ!