சிவப்பாக ஒளிர்ந்த கூந்தல் தைலம்

பெயர்: அனுசியா தனபாலன். பிறந்த நாள்: 9 மார்ச் 1986. பிறந்த இடம்: மலேசியாவின் மலாக்கா மாநிலம், அலோர் காஜா மாவட்டத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று. தோட்டம் செம்பனை எனும் எண்ணெய்ப் பனைக்கு மாறிய பின், 1999இல் குடும்பம் மஸ்ஜித் தானாவுக்குக் குடிபெயர்ந்தது. தொழில்: பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பாளர், 2020 முதல் வார இறுதிகளில் கூந்தல் தைலம் காய்ச்சுபவர். என் தாயின் தங்கை.

செய்முறை எளிது. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி இலை மூன்றையும் நிழலில் உலர்த்தித் தேங்காய் எண்ணெயில் இட்டு, இலை நொறுங்கும் பதம் வரும்வரை சிறுதீயில் காய்ச்சி வடிப்பார். எண்ணெய் கரும்பச்சையாக இறங்கும். போத்தலின் மேல் ஒரே வரி: “சாயம் சேர்க்கப்படவில்லை.” அதைத் தவிர அவர் வேறு விளம்பரம் செய்ததில்லை.

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, தஞ்சோங் கிளிங் மண்டபமொன்றில், சித்திக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் அகல்யாவின் திருமணம். விருந்தினருக்கு அன்பளிப்பாக நானூறு சிறு போத்தல்கள் வேண்டுமென்று அகல்யாவின் தாயார் பெரியநாயகி சொல்லியிருந்தார். சித்திக்கு அதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய வேலை அது.

திருமணத்திற்கு ஒரு வாரம் முன்பு, ஜெயாவின் அழகு நிலையத்தில் தாயார் உடனிருக்க அகல்யா நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தார். சித்தி மாதிரிப் போத்தலொன்றைக் கொண்டுபோய், நகச்சாயம் உலர்த்தும் ஊதா விளக்கின் வாயருகே வைத்தார். கரும்பச்சை எண்ணெய் செக்கச்செவேலென ஒளிர்ந்தது.

“ஐயோ, ரத்தம் மாதிரி இருக்கு!” என்று அகல்யா கையை இழுத்துக்கொண்டார்.

“அனு, என்னம்மா இது? எதை ஊத்தின?” என்றார் பெரியநாயகி.

“சத்தியமா ஒன்னும் ஊத்தல ஆன்ட்டி. வெறும் இலைதான்.”

“இலை இப்படி எரியுமாலா? நாளைக்கு ஒருத்தருக்கு முடி கொட்டுச்சுன்னா எங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க. வேணாம், விட்டுரு. புதன்கிழமை மிட்டாய் பாக்கெட்டுக்குச் சொல்லிக்கிறேன்.”

மறுநாள் ஹரி ராயா ஹஜி, அதாவது ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. நான் போனபோது, ஜெயாவிடம் இரவல் வாங்கிய விளக்கு சித்தியின் சமையல் மேடையில் இருந்தது. அகப்பட்டதையெல்லாம் அதனுள் வைத்துப் பார்த்துவிட்டார். கறிவேப்பிலை ஒளிரவில்லை. தேங்காய் எண்ணெய் ஒளிரவில்லை. கடையில் வாங்கிய, பச்சைச் சாயம் போட்ட தைலம்கூட ஒளிரவில்லை.

“என்னோடது மட்டுந்தான் சிவக்குது கலை,” என்றார். “இலையில கோளாறு இல்ல, எண்ணெயில கோளாறு இல்ல. அப்ப காய்ச்சறப்பதான் என்னமோ கெட்டுப்போகுது. நாலு வருசமா ஊரை ஏமாத்தியிருக்கேன்.”

அவருடைய சோதனைகள் அனைத்தும் சரி. முடிவு மட்டும் நேர்மாறு! என் முதுகலை ஆய்வே இதைப் பற்றியதுதான். கரிமப் படிகத்தில் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றின்மேல் விழுந்த ஒளியின் ஆற்றல் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இடையே அயல் மூலக்கூறு ஒன்று அகப்பட்டால், அங்கே சிக்கி வேறு நிறத்தில் வெளிப்படும். இலைக்குள் பச்சையத்திலும் இதே பயணம் நடக்கிறது. மாதக்கணக்கில் கருவிகளின் திரையில் வரைகோடாக மட்டும் பார்த்த ஒன்று, மஸ்ஜித் தானாவில் ஒரு சமையல் மேடையில் சிவந்து நின்றது!

“சித்தி, கோயில் அன்னதானத்துல அடுப்படியிலேர்ந்து தட்டை எப்படி அனுப்புவோம்?”

“வரிசையா நின்னு கை மாத்தி விடுவோம்.”

“இலைக்குள்ளயும் அதேதான். ஒளியை வாங்கின பச்சையம் அடுத்ததுகிட்ட கொடுக்கும். கடைசியில சாப்பாடு தயாரிக்கிற இடத்துல போய்ச் சேரும். அதனாலதான் இலை கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு ஒளிரல. எண்ணெயில கரைஞ்சதும் வரிசை கலைஞ்சிருது.”

சித்தி விளக்கையே பார்த்தார். “பக்கத்துல வாங்க ஆளில்ல. தட்டைக் கீழ போட்டுருது?”

“ஆமா! அப்படிப் போடறதுதான் அந்தச் சிவப்பு.”

“அப்ப சாயம் போட்ட எண்ணெய்ல பச்சையமே இல்ல. அதான் சும்மா கிடக்கு.” அவர் குரல் உயர்ந்தது. “கலை, சிவக்கறதுதான்லா நல்ல எண்ணெய்!”

செவ்வாய்க்கிழமை மாலை விளக்கோடும் கறிவேப்பிலையோடும் ஒரு புட்டி ஸ்பிரிட்டோடும் பெரியநாயகியின் வீட்டுக்குப் போனோம். அவர் எங்கள் கையிலிருந்த கறிவேப்பிலையைத் தொடவே மறுத்தார்.

“நீங்க கொண்டாந்த இலையை நான் எப்படி நம்பறது? நில்லு.” கொல்லைக்குப் போய், கல்யாணத் தாம்பூலத்துக்கென விட்டுவைத்திருந்த கொடியிலிருந்து ஒரு வெற்றிலையைக் கிள்ளி வந்தார். அதைத் தாமே விளக்கினுள் வைத்தார். ஒன்றும் ஒளிரவில்லை. “பாத்தியா?”

“இப்ப அதையே இடிச்சுக் கொடுங்க ஆன்ட்டி,” என்றார் சித்தி. புட்டியைத் திறந்தார்.

இடித்த வெற்றிலையைக் கண்ணாடிக் குவளையில் இட்டு ஸ்பிரிட் ஊற்றினோம். பச்சை இறங்கித் தெளியும்வரை காத்திருந்தோம். குவளை விளக்கினுள் போனது. சிவப்பு! தைலத்தில் கண்ட அதே சிவப்பு!

பெரியநாயகி குவளையை வெளியே எடுத்தார், பச்சை. உள்ளே வைத்தார், சிவப்பு. மறுபடியும் எடுத்தார்.

“என் வெத்தலைக்கு எவன்லா சாயம் போட்டான்?” என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தார். பிறகு சித்தியின் தோளில் கை வைத்தார். “போத்தலைக் கொண்டாந்துரு. அந்த லைட்டையும் கொண்டாந்துரு. எவனாச்சும் கேட்டா நானே காட்டறேன்.”

ஞாயிறு காலை லாரியிலிருந்து மண்டபத்துக்குள் பெட்டிகளை இறக்க உறவினர்கள் வரிசையாக நின்றனர். “யாரும் நகராதீங்க, நகர்ந்தா சிவப்பு எரியும்!” என்று சித்தி கத்தினார். யாருக்கும் புரியவில்லை, இருந்தும் யாரும் நகரவில்லை. பெட்டிகள் கைமாறிக் கைமாறி மேசைக்கு வந்து சேர்ந்தன. தாலி கட்டி முடிந்ததும் பெரியநாயகி பட்டுப்புடவையோடு விளக்கருகே நின்று, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் போத்தலைச் சிவக்கவைத்துக் காட்டினார்.

மேசையில் வைக்கப்பட்டவை: நானூறு. பந்தி முடிந்தபோது மீதம்: இரண்டு.