அடைப்புக்குறிக்குள் என் பெயர்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பயத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியதும் அதனால்தான் என்று என் கணவர் கேலி செய்வார். ராஜபாளையத்தில் ஒரு கல்வியியல் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டி, அடைப்புக்குறிக்குள் என் பெயரைப் போட்டால் கைபேசிக்கு அறிவிப்பு வரும். முன்பெல்லாம் அது வந்த அன்று வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்.

மேற்கோள் வாங்கித் தந்தது அநேகமாக ஒரே கட்டுரை. பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தேர்வு பயம் பற்றி வினாத்தாள் கொடுத்து எழுதியது. பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குப் பயம் குறைவு என்பது அதன் முடிவு. புதிதாக இருந்ததால் பலரும் எடுத்து எழுதினார்கள். என் மற்ற கட்டுரைகளை நானும் பிழை திருத்தியவரும் மட்டுமே படித்திருப்போம்.

போன மாதம் பதவி உயர்வுக்காகக் கட்டுரைப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். அப்போது கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி மின்னஞ்சல் அனுப்பினாள். என் வினாத்தாளைத் தானும் பயன்படுத்துவதாகவும், முடிவு நேர்மாறாக வருவதாகவும், என் மூலத் தரவைப் பார்க்கலாமா என்றும் பணிவாகக் கேட்டிருந்தாள்.

பழைய கோப்பைத் திறந்தேன். எங்கள் வினாத்தாள்களில் ஒரு வழக்கம் உண்டு. படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் அடித்துப் போகிறவர்களைப் பிடிக்க, பாதிக் கேள்விகளை நேர்மாறாகத் திருப்பிக் கேட்போம். 'தேர்வறையில் கை நடுங்கும்' என்று ஒன்று இருக்கும். 'தேர்வன்று காலையில் வயிறாரச் சாப்பிடுவேன்' என்று இன்னொன்று. இரண்டாவதற்கு 'இல்லை' என்றால்தான் பயம். ஆகவே அவற்றுக்கு மதிப்பெண்ணையும் திருப்பிப் போட வேண்டும். நான் போடவில்லை. சாப்பிட முடியாத பிள்ளையெல்லாம் தைரியசாலியாகியிருந்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தேன், முடிவு தலைகீழானது. கவனமில்லாதவர்களுக்கு வைத்த பொறியில் நானே போய் விழுந்திருக்கிறேன்.

'தரவு இருந்த ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது' என்று பதில் தட்டினேன். அதை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனைப் பார்த்தால்கூட என் கட்டுரையைத்தான் படிக்கிறார் என்று தோன்றியது.

யாருக்கும் ஒன்றும் கெட்டுவிடவில்லையே என்று என்னைத் தேற்றிக்கொள்ளத்தான், அன்று வினாத்தாள் கொடுக்க உதவிய அந்தப் பள்ளி டீச்சருக்குப் போன் செய்தேன்.

"ஒங்க கட்டுரையப் பாத்துட்டுத்தான மேடம், பரீட்சைக்கு முந்தி பயம் போக நடத்துத வகுப்ப பையங்களுக்கு மட்டும்னு வச்சோம்" என்றார். "பொம்பளப் பிள்ளையளுக்குத்தான் பயமே கெடையாதே. இந்த வருசம் ஒருத்தி மட்டும் ஹால் வாசல்ல வாந்தி எடுத்துட்டு, உள்ள போகமாட்டேன்னு நின்னுட்டா. நடிக்கான்னு நெனச்சு நாங்களும் ஏசிட்டோம். பொறவு அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே வரல."

"சரி டீச்சர்" என்று வைத்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பரணில் கட்டிப் போட்டிருந்த பழைய வினாத்தாள்களை இறக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளையின் தாளில் அந்தச் சாப்பாட்டுக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்று டிக். ஓரத்தில் பென்சிலால் சின்னதாக, 'வாந்தி வரும் மிஸ்' என்று எழுதியிருந்தாள். எந்தப் பிள்ளையோ, தெரியவில்லை. பெயர் எழுத வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன். டிக்கை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பொய்ப் பதிலை அழித்தேன். மாணவிக்குத் தரவை அனுப்பினேன். கட்டுரை வந்த இதழுக்கு, தவறு என்னுடையது, திருத்தம் வெளியிடுங்கள் என்று எழுதினேன். என் பெயரையே இரண்டு முறை தப்பாக அடித்தேன். பிறகு டீச்சரை மறுபடி கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவ நடிக்கலையா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்."

மறுநாள் கல்லூரியில், பட்டியலிலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "இத எடுத்துட்டா பொறவு என்னம்மா மிஞ்சும்?"

"ஒன்னும் மிஞ்சாது சார்" என்றேன்.

திருத்தத்தைப் பரிசீலிப்பதாக இதழிலிருந்து பதில் வந்தது. இன்னும் வெளியிடவில்லை. நேற்று மாலை பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது கைபேசியில் அறிவிப்பு. பயந்துகொண்டேதான் திறந்தேன். எங்கோ ஒருவர் பள்ளிகளுக்கு ஆலோசனை எழுதியிருந்தார். 'கிராமப்புற மாணவியருக்குத் தேர்வு பயம் குறைவு' என்று முதல் வரி. அதன் முடிவில், அடைப்புக்குறிக்குள், என் பெயர்.